ஏழாம் தொகுதி, இரண்டாம் கிணறு

திருச்சுழி
14-3-1993

தம்பி இம்மானுவேலுக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும் என்று தோன்றிவிட்டது. ஆகவே ஸ்தோத்திரத்தையும் சுக விசாரிப்பையும் இந்த ஒரு வரியிலேயே முடித்துக்கொள்கிறேன். நானும் உன் மதினி தெரசாளும் இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு இல்லை. நீயும் ஏஞ்சலினும் பிள்ளை அபிஷாவும் டெல்லிக் குளிரைத் தாண்டி வந்திருப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை அருப்புக்கோட்டை நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பரில் அரைப் பக்க விளம்பரம் ஒன்று பார்த்தேன். கடலுக்கு அடியில் எண்ணெயும் வாயுவும் எடுக்க, அரசாங்கம் கடலைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத் தனியாருக்குக் குத்தகை விடப்போகிறதாம். பட்டியலில் கிழக்குக் கடல் ஏழாம் தொகுதியும் இருக்கிறது.

அந்தத் தொகுதியில் நாங்கள் கப்பலிலிருந்து மூன்று கிணறு துளைத்தோம். இரண்டாம் கிணற்றுக்கு நான்தான் புவியியலாளன். 1984 மார்ச் கடைசி. குழாயைத் திறந்து சோதித்தபோது முதல் மூன்று மணி நேரம் சேறும் உப்புத் தண்ணீரும் வந்தன. நாலாம் மணி நேரத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கியது. இன்னும் அரை நாள் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வருடத்துக்கு ஆறு கிணறு முடித்ததாக மார்ச் முப்பத்தொன்றுக்குள் இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் தலைமை அதிகாரி பல்லா கிணற்றை மூடச் சொன்னார். 'வறண்ட கிணறு' என்று ரிப்போர்ட் எழுதச் சொன்னார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு என்னை எப்படி வைத்தார்கள், எப்படி நான் வேலையை விட்டு இந்தக் கருவேலங்காட்டுக்கு வந்தேன் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

டெண்டர் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும் விவரக் கட்டைத் தயார் செய்வது உன் செக்ஷன் என்று நீதான் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாய். அந்தக் கட்டில் இரண்டாம் கிணற்றின் அழுத்தச் சார்ட் இருந்தாக வேண்டும். அது இருந்தால் போட்டி கூடும், நாட்டுக்கு நல்ல குத்தகை கிடைக்கும். இல்லாவிட்டால் விஷயம் தெரிந்த ஒருவன் அடிமாட்டு விலைக்குக் கொண்டுபோவான். ரிப்போர்ட்டை நீ படிக்க வேண்டியதில்லை. அதன் பின்னால் குத்தியிருக்கும் சார்ட்டை மட்டும் பார்.

பதில் போடு. ஏஞ்சலினுக்கும் பிள்ளைக்கும் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்,
ஏசுவடியான்


புதுடெல்லி
2-4-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வந்தது. முழங்காலுக்கு மதுரையில் யாரையாவது பார்க்கலாமே. மதினி எப்படி இருக்கிறார்கள்? அங்கே கோடை மழை ஏதாவது உண்டா?

அபிஷா ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். இந்தியில் மார்க் வாங்குகிறாள், தமிழில் பெயர் எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். ஏஞ்சலின் அவளுக்குத் தினமும் தமிழ் பைபிளில் ஒரு சங்கீதம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள்.

அண்ணன் சொன்ன விஷயத்தைப் பார்க்கிறேன். பழைய கட்டுகளை ரெக்கார்ட் அறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். ஏழாம் தொகுதிக் கட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வேலையே படிப்பதுதானே, அண்ணே.

ஒன்று கேட்கலாமா? அந்த ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் தம்பி,
இம்மானுவேல்


திருச்சுழி
20-4-1993

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். மழை இல்லை. முழங்கால் அப்படியே.

'பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். இலாகாவில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம். உனக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பியது யார்? பரீட்சைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது யார்? நான் வேலையை விட்டு டெல்லியிலிருந்து பெட்டியோடு கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வராதது யார்? ஆபீசில் மீட்டிங் என்றாய். இருக்கும்.

உனக்குப் புரிகிற மாதிரி நம் ஊர் விஷயம் ஒன்று சொல்கிறேன். போன தை மாதம் இங்கே பெரிய கண்மாயில் மீன் குத்தகை ஏலம். ஏலத்துக்கு முன்னால் காவல்காரன் ரத்தினம் வலை வீசிக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். அவன் மேட்டுப் பக்கமாக, முழங்கால் தண்ணீரில் வலையை வீசினான். நாலு கெண்டைக்குஞ்சு வந்தது. "இம்புட்டுத்தான் மொதலாளி, வெயிலுக்குச் செத்துப்போச்சு எல்லாம்" என்றான். கேட்க வந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். ராமசுப்பு மட்டும் நின்று, ஊருக்கு உதவி செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எடுத்தார். பங்குனியில் மடைப் பள்ளத்தில் வலை இறங்கியது. கூடை கூடையாக விரால். கரையில் நின்ற சுப்புராஜ் கேட்டான்: "ஏலே ரத்தினம், இதெல்லாம் நேத்து சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ்ஸுல வந்து எறங்குச்சா?" ரத்தினம் சொன்னான்: "நான் பொய் சொல்லலையே. வீசுன எடத்துல இல்ல, அம்புட்டுத்தான்."

ரத்தினம் படிக்காதவன். நீ எம்.ஏ.

சார்ட்டைக் கட்டில் வை. கடைசிப் பக்கத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

ஏஞ்சலினுக்கும் பிள்ளைக்கும் ஆசீர்வாதம்.

ஏசுவடியான்


புதுடெல்லி
11-9-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். இத்தனை மாதம் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். ஜூனில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன். இப்போது தேறிவிட்டேன். உங்களுக்குச் சொன்னால் கவலைப்படுவீர்கள் என்று ஏஞ்சலின் எழுதவில்லை.

இங்கே மழை கொட்டித் தீர்த்தது. யமுனை ஏறி, பாலத்தின் மேல் ஒரு நாள் பஸ் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நம் குண்டாற்றை நினைத்துக்கொண்டேன். அதில் இப்படித் தண்ணீர் போனால் ஆட்கள் கரையில் நின்று கும்பிடுவார்கள்.

விவரக் கட்டுகளைக் கேட்டவர்களுக்கு மே மாதமே கொடுத்தாகிவிட்டது. கையெழுத்தான ரிப்போர்ட்டில் உள்ளபடியே எல்லாம் போயிருக்கிறது. மேலே பார்த்து ஒப்புதலும் ஆகிவிட்டது. இனி அதைப் பற்றி நினைத்து அண்ணன் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அபிஷா உங்களுக்குப் படம் ஒன்று வரைந்திருக்கிறாள். கடலும் கப்பலும். கப்பலில் நிற்பது பெரியப்பாவாம்.

தங்கள் தம்பி,
இம்மானுவேல்


திருச்சுழி
30-9-1993

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். காமாலை வந்ததைச் சொல்லியிருக்கலாம். கீழாநெல்லி இங்கே காலில் மிதிபடுகிறது. அனுப்பியிருப்பேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. சார்ட் கட்டில் இருந்ததா, இல்லையா? நீ எழுதிய பதிலில் யமுனை இருக்கிறது, குண்டாறு இருக்கிறது, சார்ட் இல்லை.

இங்கே நான் என்ன செய்து பிழைக்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். கப்பலில் பாறைத் துகளை லென்ஸ் வைத்துப் பார்த்த கண் இப்போது பட்டா நம்பரைப் பார்க்கிறது. ஆனாலும் இந்த ஊரில் எனக்கு மரியாதை உண்டு. டீக்கடையில் புது ஆள் யாராவது கேட்டால் ராமசுப்புவே சொல்லுவார்: "சாரு யாருன்னு நெனச்ச? டெல்லி ஆபீசரு. பொய்க் காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு வேலையத் தூக்கி எறிஞ்சுட்டு வந்தவுக." கண்மாயை ஏமாற்றி எடுத்தவர் வாயிலிருந்து வருகிற மரியாதை அது. இருந்தாலும் மரியாதைதானே.

நேற்று குருவம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். அவள் ஊரில் பொது போர்வெல் தண்ணீரைப் பெரியதனக்காரர் ஒருவர் தன் மிளகாய்த் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டாராம். மனு எழுதச் சொன்னாள். எழுதி முடித்து மைப்பெட்டியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பேரு இல்லாம மொட்டையாப் போடுங்க சார். நான் அந்த ஊருலதான் தண்ணி எடுக்கணும்."

"பேர் இல்லாட்டி அது மனு இல்லம்மா. செவத்துல கிறுக்குன கிறுக்கல். கிழிச்சுப் போட்டுருவாங்க. அப்படித்தான் சர்க்குலர்."

"பேரு போட்டா என்னையக் கிழிச்சுப் போட்டுருவாகளே."

"அப்ப எழுந்திரிச்சுப் போ."

பத்து நிமிடம் எதிர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்து, கேட்காமலே, கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். அவளுக்குப் படிப்பு இல்லை, தம்பி.

பதில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வரட்டும்.

பிள்ளையின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள் தெரசாள். எல்லாருக்கும் ஆசீர்வாதம்.

ஏசுவடியான்


புதுடெல்லி
12-12-1994

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்துக்கள். கர்த்தர் புது வருடத்தில் உங்களுக்குச் சுகம் தருவாராக.

ஒரு வருடத்துக்கு மேல் நாம் எழுதிக்கொள்ளவில்லை. நான்தான் குற்றவாளி. வேலை அப்படி.

அண்ணனுக்குப் பேப்பர் மூலம் தெரிவதைவிட நான் சொல்வது நல்லது. ஏழாம் தொகுதி குத்தகைக்குப் போய்விட்டது. ஒரே ஒரு கம்பெனிதான் கேட்டது. பல்லா ரிட்டையர் ஆகி அந்தக் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறார்.

அபிஷா தமிழில் தன் பெயரை எழுதப் பழகிவிட்டாள். கீழே பாருங்கள்.

தங்கள் தம்பி,
இம்மானுவேல்

அபிஷா


திருச்சுழி
12-1-1996

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் நலம். வெகு நாளைக்குப் பிறகு இந்த வார்த்தையை மனதாரவே எழுதுகிறேன்.

இன்று காலை பேப்பரில் இரண்டாம் பக்கம். கிழக்குக் கடல் ஏழாம் தொகுதியில், பழைய இரண்டாம் கிணற்றையே மறுபடி திறந்து கம்பெனி எண்ணெய் கண்டுபிடித்திருக்கிறது. கூடவே, 'வறண்டது' என்று அரசாங்கம் எழுதி வைத்த கிணற்றில் எண்ணெய் எப்படி வந்தது, தெரிந்தே மலிவாகக் கொடுத்தார்களா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி. விசாரணைக்கு உத்தரவாகியிருக்கிறது.

பேப்பரை டீக்கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். ராமசுப்பு வாங்கிப் பார்த்துவிட்டு, "சாரு அன்னைக்கே சொன்னாக. நாமதான் சரி சரின்னு தலையாட்டிட்டு டீயக் குடிச்சோம்" என்றார். சுப்புராஜ் விடுவானா? "அங்க ரத்தினம் வேலையப் பாத்தது யாரு சார்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். சார்ட்டை எவன் எடுத்தானோ அவன் கையில் விலங்கு விழட்டும். அவன் யாராக இருந்தாலும் சரி. விசாரணைக் குழுவுக்கு நான் மனு எழுதப்போகிறேன். என் பெயர், என் பழைய பதவி, என் விலாசம், எல்லாம் போட்டு, கையெழுத்தோடு.

நீ பதற மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆசீர்வாதம்.

ஏசுவடியான்


புதுடெல்லி
3-2-1996

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

ஏஞ்சலின் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். அக்காவின் சுகத்தையும் உங்கள் சுகத்தையும் அறிய ஆசை. இந்தக் கடிதம் எழுதுவது இவருக்குத் தெரியாது.

உங்கள் தம்பியைப் போன நவம்பரில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கம்பெனி கிணற்றைத் திறந்ததுமே ஆபீசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சார்ட் இவருடைய மேஜை இழுப்பறையில் இருந்தது. கிழித்தும் போடவில்லை, எரிக்கவும் இல்லை. 'அரசாங்கக் காகிதத்தை எப்படி எரிப்பது?' என்று என்னிடமே கேட்கிற மனுஷன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1993 ஏப்ரலில் அந்தக் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "ஏஞ்சலின், கடைசிப் பக்கத்துல அண்ணன் கையெழுத்து இருக்கு. 'வறண்ட கிணறு, கைவிடலாம்'னு அவுக கையாலயே எழுதி, கீழ கையெழுத்து. பின்னாலயே அழுத்தம் ஏறுற சார்ட்டு. ரெண்டையும் ஒண்ணாப் பாக்குறவன் என்ன கேப்பான்? இதப் பாத்துட்டு எவன் கையெழுத்துப் போட்டான்னுதான கேப்பான்?"

நான் சொன்னேன், அத்தானே சார்ட்டை வைக்கச் சொல்கிறார்களே, வைத்துவிடுங்கள் என்று. அதற்கு இவர், "அவுக போடலைன்னே நம்பிட்டு இருக்காக. அந்த ஊருல தலைய நிமுத்தி நடக்க அவுகளுக்கு அந்த ஒண்ணுதான் இருக்கு. அத நான் எடுக்கவா?" என்றார். மறுநாள் சார்ட்டைக் கழற்றிவிட்டார். குத்தகை இப்படிப் போகும் என்று இவர் நினைக்கவில்லை. பத்துப் பேர் கேட்பார்கள், கடலை அவர்களே அளந்து பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்.

இப்போது விசாரணை அதிகாரி கேட்பது ஒன்றே ஒன்று. கம்பெனிக்காக மறைத்தாயா? இவர் இல்லை என்கிறார். அப்படியானால் யாருக்காக என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. ரிப்போர்ட்டில் பெயர் தெரியாமல் கிறுக்கலாக இருப்பது தன் அண்ணன் கையெழுத்து என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. இப்படியே போனால் வேலை போவது மட்டுமில்லை, ஜெயில் என்கிறார் வக்கீல்.

காரணம் நீங்கள், அத்தான். அந்தக் காரணத்தை நீங்கள்தான் சொல்ல முடியும். பல்லா சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட்டதையும், உங்களுக்காகத்தான் உங்கள் தம்பி சார்ட்டை எடுத்தார் என்பதையும் எழுதி, உங்கள் கையெழுத்தோடு அனுப்புங்கள். கையெழுத்தோடு. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

ஏஞ்சலின்


திருச்சுழி
15-4-1996

தம்பி இம்மானுவேலுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு நாளைக்கு முன்னால் இங்கே ஒரு மழை. மல்லாங்கிணறு வரைக்கும் பெய்ததாம். புழுதி அடங்கியது, அவ்வளவுதான். தெரசாளுக்கு ரத்தக் கொதிப்பு என்று சொல்லி உப்பைக் குறைத்திருக்கிறார்கள். எனக்கும் சேர்த்துக் குறைத்துவிட்டாள்.

குருவம்மாள் என்று முன்பு எழுதினேனே. அவள் மனு மேல் விசாரணை வந்து, தண்ணீரைத் திருப்பி ஊருக்கு விட்டுவிட்டார்கள். ஆனால் குழாயடியில் அவள் குடத்தை மட்டும் யாரோ ஒவ்வொரு தடவையும் வரிசையில் கடைசிக்கு நகர்த்தி வைக்கிறார்களாம். "வருத்தமா இருக்காம்மா?" என்று கேட்டேன். "அவுக நகத்துவாக, நான் திருப்பி வைப்பேன். கொடம் என்ன சார், கால் மொளச்சதா தானா நடக்குறதுக்கு?" என்றாள்.

வேறு விசேஷம் இல்லை. அபிஷா எப்படிப் படிக்கிறாள்? நீ ஆபீசுக்கு எந்த பஸ்ஸில் போகிறாய்? முன்பு நான் இருந்தபோது ஒரு பஸ் வீட்டு வாசலுக்கே வரும்.

எல்லாருக்கும் ஆசீர்வாதம்.

ஏசுவடியான்


புதுடெல்லி
30-5-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். மதினியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கொதிப்புக்கு வெயிலில் அலையக்கூடாது.

அந்த பஸ் இப்போதும் வாசலுக்கு வருகிறது. நான்தான் ஏறுவதில்லை.

ஜூன் 20-ந் தேதி கடைசி விசாரணை. ஏஞ்சலின் உங்களுக்கு ஏதோ எழுதியதாக நேற்றுத்தான் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொண்டேன். அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒன்றும் எழுதவும் வேண்டாம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின விஷயம். யாரும் உங்களைத் தேடி திருச்சுழிக்கு வரப்போவதில்லை.

ஒன்று மட்டும் ஆறுதலாக இருக்கிறது. அன்று நான் ஸ்டேஷனுக்கு வராததற்கு ஆபீஸ் மீட்டிங் காரணம் இல்லை. நீங்கள் தோற்றுப் போகிறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கடன் இப்போது கொஞ்சம் தீர்ந்த மாதிரி இருக்கிறது.

தங்கள் தம்பி,
இம்மானுவேல்


திருச்சுழி
14-6-1996

இம்மானுவேலுக்கு,

ஸ்தோத்திரம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரியும். நானும் இல்லை.

என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்? நான் கேட்டது சார்ட்டைக் கட்டில் வை என்றுதான். சொன்னதைச் செய்திருந்தால் இன்று நான் மாட்டியிருப்பேன், நீ ஆபீசுக்கு பஸ் ஏறிக்கொண்டிருப்பாய். அதைத்தான் நான் விரும்பினேன் என்று உன்னிடம் சத்தியம் செய்ய இரண்டு மாதமாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை. உன் முதல் பதிலில் கடைசிப் பக்கம் என்று படித்ததுமே எனக்குத் தெரியும், நீ என்ன செய்வாய் என்று. தெரிந்துதான் அதைப் பற்றி எழுதாதே என்றேன்.

1984 மார்ச் 31, சனிக்கிழமை. கப்பலில் ரேடியோ அறை வாசலில் பல்லா நின்றுகொண்டிருந்தார். "ஐந்து மணிக்குள் டெலக்ஸ் போக வேண்டும், ஏசுவடியான். உனக்குப் பிரமோஷன் இந்த வருடம்" என்றார். இவ்வளவுதான். மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. நான் சார்ட்டை ஒரு தரம் பார்த்தேன். முள் ஏறிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டேன். பேனாகூட என்னுடையதுதான்.

பிரமோஷன் வரவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் வேலையை விட்டேன். ஊருக்கு வந்த புதிதில் டீக்கடையில் யாரோ, "ஏன் சார் விட்டுட்டு வந்தீக?" என்று கேட்டார்கள். பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை என்றேன். பிடிக்கவில்லை என்பது உண்மை. போடவில்லை என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அப்புறம் உனக்கும் அப்படியே எழுதினேன். தெரசாளுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். போன வாரம் சொன்னாள்: "ஊரு நம்புனது தப்பில்ல. நீங்க நம்புனீகளே, அதுதான்."

விசாரணைக் குழுவுக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். எட்டுப் பக்கம். பல்லா சொன்னது, நான் எழுதியது, நீ சார்ட்டைக் கழற்றியது, யாருக்காகக் கழற்றினாய் என்பது, எல்லாம் தேதியோடு இருக்கிறது. ஒரு வார்த்தை பொய் இல்லை. 'ரிப்போர்ட்டை எழுதிய அதிகாரி' என்றே எழுதி வந்திருக்கிறேன். 'நான்' என்று ஓரிடத்திலும் வரவில்லை. எட்டாம் பக்கத்தின் அடியில் 'இப்படிக்கு' என்று எழுதி, நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை மேஜையில் அதை விரித்து வைத்திருந்தபோது குருவம்மாள் வேறு ஒரு மனுவுக்காக வந்தாள். அவளுக்கு இப்போது பயம் விட்டுப்போய்விட்டது, மாதம் ஒரு மனு எழுதச் சொல்கிறாள். எட்டாம் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு மனு சார்?"

"ஒரு ஆபீசரு."

"கீழ காலியா இருக்கு. பேரு போடலையா அவுக?"

அவளாகவே மைப்பெட்டியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எழுதப் படிக்கத் தெரியாதவுகளா இருந்தா ரேகை வைக்கச் சொல்லுங்க" என்றாள். கேலியா, நிஜமாகத்தான் சொன்னாளா, தெரியவில்லை. அவள் போன பிறகு மைப்பெட்டியை மூடிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். சம்மன் வரும். போலீஸ்காரர் டீக்கடையில்தான் வழி கேட்பார். ராமசுப்பு சம்மனை வாங்கிப் படிப்பார். சுப்புராஜ் ஒன்று சொல்லுவான். அவன் என்ன சொல்லுவான் என்றுகூட எனக்குத் தெரியும். இதற்காகவா தம்பியைப் பலி கொடுக்கிறாய் என்று நீ கேட்க மாட்டாய். ஏஞ்சலின் கேட்பாள். ஆமாம், இதற்காகத்தான். எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாயாமே.

பெயரில்லாத மனு கிழித்துப் போடப்படும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டைப் அடிக்கவில்லை, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அதே கை. கிழிக்கும் முன் இருபதாம் தேதி அதை உன் முன்னால் வைத்து, இது யார் கை என்று அவர்கள் கேட்கலாம். கேட்டால் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. என்னால் செய்ய முடியாததை உன் தலையில் வைக்கிறேன். முன்பும் அப்படித்தான் வைத்தேன்.

அபிஷா வரைந்த கப்பல் படம் சுவரிலேயே இருக்கிறது. தெரசாள் கழற்ற விடவில்லை.

பன்னிரண்டு மணித் தபாலுக்கு நேரமாகிவிட்டது. மனுவை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்படியே பெட்டியில் போடப்போகிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படியே.